ஸ்பைடெக்ஸ் குப்பி: பசியோடு வந்து சேரும் இரைவிழுங்கிகள்

ஸ்பைடெக்ஸ் குப்பியைத் திறந்தால் மருந்து வாடை எதுவும் வராது. உள்ளே கொஞ்சம் உலர்ந்த துகள்கள், அவற்றின் நடுவே விறுவிறுவென்று ஓடும் செம்மஞ்சள் நிறப் பேன்கள், அவ்வளவுதான். பயிரின் சாற்றை உறிஞ்சும் சிலந்திப்பேனைப் பிடித்துத் தின்னும் இன்னொரு வகைப் பேன் (ஆங்கிலத்தில் mite) இது, அதாவது ஒரு இரைவிழுங்கி. அறிவியல் பெயர் ஃபைட்டோசீயுலஸ் பெர்சிமிலிஸ். நெதர்லாந்தின் கோப்பர்ட் நிறுவனம் இதை ஸ்பைடெக்ஸ் என்று விற்கிறது. பெல்ஜியத்தின் பயோபெஸ்ட் முதலிய வேறு நிறுவனங்களும் இதே உயிரியைத் தத்தம் பெயரில் விற்கின்றன. உள்ளே இருக்கும் உயிர் ஒன்றுதான் என்பதால் இங்கே சொல்வதில் பெரும்பகுதி எந்தக் குப்பிக்கும் பொருந்தும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வெள்ளரி, பீன்ஸ், ஸ்ட்ராபெரி, ரோஜா ஆகியவை கூரைக்குக் கீழே, ஈரப்பதம் குறையாத இடத்தில் இருந்து, சிலந்திப்பேன் கண்ணில் பட்ட முதல் வாரத்திலேயே இதை விட்டால், இவ்வளவு சுத்தமாக வேலை முடிக்கும் பொருள் வேறு இல்லை. சிலந்திப்பேன் வருமுன் காக்கலாம் என்று வாங்கினால் பணம் வீண். தக்காளிக்கும், வறண்ட வெப்பமான இடத்துக்கும், ஹீட்டர் ஓடும் அறையில் நிற்கும் தொட்டிச்செடிக்கும் இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

இத்தனைக்கும் காரணம் பசி. பெர்சிமிலிஸ் டெட்ரானிக்கஸ் இனச் சிலந்திப்பேன்களையும் அவற்றின் நெருங்கிய உறவுகளையும் தவிர வேறெதையும் தின்று வாழாது. மகரந்தம் அதற்கு உணவாகாது, இலைப்பேனும் வெள்ளை ஈயும் அதற்கு ஒன்றும் இல்லை. வளர்ந்த பெண் ஒன்று ஒரு நாளில் 5 வளர்ந்த சிலந்திப்பேன்களையோ 20 முட்டைகளையும் குஞ்சுகளையுமோ தின்றுவிடும். 20 டிகிரி வெப்பத்தில் சிலந்திப்பேன் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். இரைவிழுங்கிக்கு ஏறக்குறைய அதில் பாதி நாள் போதும். அதாவது எதிரியைவிட வேகமாகப் பெருகும் படை இது. ஆனால் இரை தீர்ந்ததும் அதே வேகத்தில் பட்டினியில் கரைந்துபோகும், அல்லது வேறு செடி தேடிப் போய்விடும். சுத்தமான பயிரில் முன்கூட்டியே விட்ட பெர்சிமிலிஸ் சிலந்திப்பேன் வரும் நாளில் அங்கே இருக்காது.

குப்பியின் விலைக்கும் குறுகிய ஆயுளுக்கும் இதே பசிதான் காரணம். ஸ்விர்ஸ்கி போன்ற வேறு இரைவிழுங்கிப் பேன்களைத் தவிட்டில் வளரும் கிடங்குப் பேன்களைக் கொடுத்து டப்பாக்களில் மலிவாகப் பெருக்கலாம். அனுப்பும்போதும் அந்தத் தீவனப் பேன்களைக் கூடவே வைத்து அனுப்பலாம். பெர்சிமிலிஸுக்கு அந்த வழி இல்லை. முதலில் பசுமைக்குடிலில் பீன்ஸ் வளர்க்க வேண்டும், அதில் சிலந்திப்பேனை வேண்டுமென்றே பரப்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் இரைவிழுங்கியை விட்டு அறுவடை செய்ய முடியும். சிலந்திப்பேனையே கட்டுச்சோறாகக் கட்டி வாடிக்கையாளருக்கு அனுப்பவும் முடியாது. எனவே குப்பியில் வருவது பெரும்பாலும் வெறும் வயிற்றோடு பயணம் செய்த கூட்டம். ஒவ்வொரு நாள் தாமதமும் எண்ணிக்கையிலும் முட்டையிடும் திறனிலும் தெரியும்.

இந்தப் பேனின் கதையில் கொஞ்சம் தற்செயலும் உண்டு. 1957ல் அல்ஜீரியாவில் கிடைத்த மாதிரிகளை வைத்து அத்தியாஸ்-ஹென்ரியோ என்ற ஆய்வாளர் இதற்குப் பெயரிட்டார். அதை ஒட்டிய காலத்தில் சிலியிலிருந்து ஜெர்மனிக்கு வந்த ஆர்க்கிட் செடிகளில் ஒட்டிக்கொண்டு இது ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களுக்குள் நுழைந்தது. தெளிப்பு மருந்துகளுக்குச் சிலந்திப்பேன் அசைந்துகொடுக்காமல் போன நேரம் அது. பெர்கெல் என் ரோடென்ரைஸ் ஊரின் வெள்ளரி விவசாயி யான் கோப்பர்ட் 1967ல் இதைத் தன் குடிலில் இறக்கினார். இன்றைய நிறுவனம் அங்கிருந்து வளர்ந்ததுதான். வெள்ளரிக்காக வெள்ளரி விவசாயியின் கையில் உருவான பொருள், இன்றும் வெள்ளரியில்தான் அது மிகச் சிறப்பாக வேலை செய்கிறது.

சிறிய குப்பி 100 மி.லி., அதில் 2,000 பேன்கள். பெரியது 500 மி.லி., அதில் 10,000. கணக்குக்கு எளிதாக ஒரு மி.லி. துகளுக்கு 20 பேன், ஒரு தேக்கரண்டிக்கு 100 என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தக் கணக்கு குப்பியைச் சரியாகக் கலந்தால் மட்டுமே பலிக்கும். இவை எப்போதும் மேல்நோக்கி ஏறும் குணமுள்ளவை. நிமிர்த்தி வைத்த குப்பியில் பாதிப் பேர் மூடிக்கு அடியில் குவிந்திருப்பார்கள். அப்படியே திறந்து கொட்டினால் முதல் இரண்டு செடிக்குப் படை முழுவதும் போய்விடும், மீதி வரிசைக்கு வெறும் துகள்தான் மிஞ்சும். "பாதிக் குடிலில் வேலை செய்தது, பாதியில் செய்யவில்லை" என்ற புகாரைக் கேட்டால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். திறப்பதற்கு முன் குப்பியைப் படுக்கவைத்து ஒரு நிமிடம் மெதுவாக உருட்டவும். நான்கைந்து செடிக்கு ஒருமுறை மறுபடி உருட்டவும். குலுக்க வேண்டாம், துகளோடு மோதி அடிபடும்.

வந்த பெட்டியை அன்றே திறக்க வேண்டும். வெள்ளைத் தாளில் ஒரு தேக்கரண்டி துகளைக் கொட்டி, அறை வெப்பத்துக்கு வர ஐந்து நிமிடம் விட்டு, 10 மடங்கு பெருக்கும் லென்ஸால் பாருங்கள். பேரிக்காய் வடிவ உடல், பளபளப்பு, நீண்ட முன்னங்கால்கள், நில்லாத ஓட்டம், இவைதான் அடையாளம். உடல் அரை மில்லிமீட்டர்தான் என்றாலும் நல்ல கண்ணுக்கு லென்ஸ் இல்லாமலே ஓடும் புள்ளியாகத் தெரியும். தட்டையாகிச் சுருங்கிக் கிடப்பவை அதிகமென்றால் அன்றைக்கே படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பவும். இரண்டு நாள் கழித்துச் சொன்னால் தவறு வழியில் நடந்ததா உங்கள் அலமாரியில் நடந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

அன்றே விட முடியாவிட்டால் 8 முதல் 10 டிகிரியில், இருட்டில், குப்பியைப் படுக்கவைத்து ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வைக்கலாம். சமையலறைக் குளிர்சாதனப் பெட்டி பொதுவாக 4 டிகிரியில் ஓடும், அது இவற்றுக்கு அதிகக் குளிர். காய்கறித் தட்டில், துணி சுற்றி வைத்தால் சமாளிக்கலாம். ஆர்டர் கொடுக்கும்போதே வார இறுதியில் கூரியர் கிடங்கில் தங்காத நாளாகப் பார்த்துக் கொடுப்பது அதைவிட முக்கியம்.

எவ்வளவு விடுவது? தாக்குதல் லேசாக இருந்தால் சதுர மீட்டருக்கு 6, கொத்தாகப் பிடித்த இடங்களில் 20 முதல் 50. உதாரணமாக 400 சதுர மீட்டர் வெள்ளரிக் குடிலில், தலா 10 சதுர மீட்டர் அளவில் மூன்று இடங்களில் இலைகள் வெளிறியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்த 30 சதுர மீட்டருக்கு 50 வீதம் 1,500. மீதி 370க்கு 6 வீதம் 2,220. மொத்தம் 3,720, ஆக இரண்டு சிறிய குப்பிகள் போதும். ஒரு வாரம் கழித்து, பார்த்துவிட்டு, இன்னொரு முறை. இந்த அளவில் கஞ்சத்தனம் காட்டுபவர்கள்தான் "இயற்கை முறை வேலைக்காகாது" என்று கைவிடுகிறார்கள். ஒரு இரைவிழுங்கிக்குப் பத்து, இருபது சிலந்திப்பேன் என்ற விகிதம் வரை நிலைமை கையில் இருக்கும். இலைக்கு இலை நூலாம்படை கட்டி, நுனியில் பேன்கள் கயிறு போலத் தொங்கும் நிலைக்கு வந்துவிட்டால் குப்பி வாங்காதீர்கள். முதலில் மோசமான இலைகளைக் கிள்ளிப் பையில் கட்டி வெளியேற்றி, மீதியைப் பொட்டாசியம் சோப்புக் கரைசலால் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளித்து எண்ணிக்கையைக் குறைத்த பிறகுதான் படையை இறக்க வேண்டும். சோப்பு காய்ந்துவிட்டால் எச்சம் தங்காது, அதற்குப் பிறகு விடலாம்.

விடும் நேரம் காலையோ மாலையோ இருக்கட்டும். நண்பகலில் சூடான இலையில் விழுந்தால் முதல் ஒரு மணி நேரத்திலேயே இழப்பு தொடங்கும். இலையில் நீர்த்துளி நிற்கக் கூடாது, ஆனால் குடிலின் காற்று ஈரமாக இருக்க வேண்டும். துகளை நேராக இலைமேல் தூவுங்கள், தரையில் விழுவதெல்லாம் நட்டம். தரையில் விழுந்த பேன் தண்டைத் தேடி ஏறுவதற்குள் பசியிலும் வறட்சியிலும் பாதி போய்விடும். ஸ்ட்ராபெரியில் குருத்தின் மேலும், ரோஜாவில் அடியில் வளைத்துவிட்ட கிளைகளின் மேலும் தூவுவது நல்லது. சிலந்திப்பேன் அந்த இடங்களில்தான் முதலில் பெருகும்.

கொத்தின் மையத்தில் மட்டும் கொட்டாமல் சுற்றியுள்ள இரண்டு மூன்று செடிகளிலும் தூவச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிலந்திப்பேன் கூட்டம் அதிகமானால் ஓரத்துக்குத்தான் நகரும். அதே சமயம் ஒவ்வொரு இலையையும் தேடித் தூவ வேண்டியதில்லை. கடிபட்ட செடி ஒரு தனி மணத்தை வெளியிடுகிறது, பெர்சிமிலிஸ் அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு இரையை நோக்கி நடக்கிறது. நெதர்லாந்தில் மௌரிஸ் சபேலிஸ், மார்செல் டிக்கே முதலியோர் 1980களில் லைமா பீன்ஸ் செடிகளை வைத்துக் காட்டியது இது. செடியே காவலாளியைக் கூப்பிடுகிறது என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது. இலைகள் ஒன்றையொன்று தொடும்படி செடிகள் நெருங்கியிருந்தால் நடைபாதை தானாகவே அமைந்துவிடும். வரிசைக்கும் வரிசைக்கும் இடைவெளி இருந்தால் ஒவ்வொரு வரிசையிலும் தனியாக விட வேண்டும். இவற்றுக்குச் சிறகு கிடையாது.

இப்போது இந்தப் பொருளின் உண்மையான பலவீனத்துக்கு வருவோம். ஈரப்பதம். நாளில் சில மணி நேரமாவது 20 டிகிரிக்கு மேல் வெப்பமும் 75 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதமும் இதற்கு வேண்டும். 60க்குக் கீழே தொடர்ந்து இருந்தால் முட்டைகள் பொரிப்பது குறையும், 40க்கு வந்தால் மிகச் சிலவே பொரிக்கும். வளர்ந்த பேன்கள் அப்போதும் ஓடிக்கொண்டும் தின்றுகொண்டும் இருப்பதால் எல்லாம் நன்றாக நடப்பது போலத் தெரியும். அடுத்த தலைமுறை வரவில்லை என்பது பத்து நாள் கழித்துத்தான் புரியும். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினாலும் இதே கதை. சிலந்திப்பேனுக்கோ வறட்சியும் வெயிலும் கொண்டாட்டம். அது கூரையை ஒட்டிய சூடான நுனி இலைகளில் பெருகும், இரைவிழுங்கி குளிர்ச்சி தேடிக் கீழே இறங்கிவிடும். இரண்டும் ஒரே செடியில் இருந்தும் சந்திக்காமல் போகும்.

குடிலின் நடுவில், பயிரின் உயரத்தில், நிழலில் ஒரு ஈரப்பதமானியைத் தொங்கவிடுங்கள். கதவருகே சுவரில் மாட்டியது காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். பாதையில் காலையிலும் மதியத்திலும் தண்ணீர் தெளிப்பது, நிழல்வலை இழுப்பது, பனிமூட்டத் தெளிப்பான் இருந்தால் சிறு சிறு இடைவெளியில் ஓட்டுவது, இதெல்லாம் விட்ட முதல் இரண்டு வாரத்துக்காவது அவசியம். இதனால் சாம்பல் பூசணம் வருமே என்று கேட்பது நியாயம்தான். இரவில் இலை நனைந்து நிற்காமல் பார்த்துக்கொண்டு, மாலைக்கு முன் தெளிப்பை நிறுத்தினால் அந்த ஆபத்து குறையும்.

இன்னொரு பெரிய தோல்விக் காரணம் பழைய மருந்து எச்சம். பைரித்ராய்டு வகை மருந்துகள், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவை, அடித்து இரண்டு மூன்று மாதம் வரைகூட இந்தப் பேன்களைக் கொல்லும் எச்சத்தை விட்டுவைக்கும். அவற்றை அடித்த குடிலில் சிலந்திப்பேன் கூடுவதற்கும் அதுவே ஒரு காரணம், எதிரிகள் அனைவரும் செத்துப்போக அது மட்டும் தப்பிவிடுகிறது. அபாமெக்டின் அடித்திருந்தால் இரண்டு வாரம் பொறுக்கவும். கந்தகத்தை இரவெல்லாம் ஆவியாக்கும் கருவிகள் ஓடும் ரோஜாக் குடில்களிலும் இவை தடுமாறும். கூடவே ஒரு மருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால் பைஃபெனசேட், ஹெக்சிதயாசாக்ஸ் போன்றவை இவற்றோடு ஓரளவு ஒத்துப்போகும். குப்பி வாங்குவதற்கு முன் கடந்த மூன்று மாதத் தெளிப்புக் குறிப்பேட்டை எடுத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. நாற்றுகளை வெளியிலிருந்து வாங்கியிருந்தால் நாற்றங்கால்காரரிடமும் கேட்க வேண்டும்.

விட்டு ஒரு வாரத்தில் இலையின் அடிப்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். சிலந்திப்பேனின் முட்டை உருண்டை, கண்ணாடி மணி போன்றது. இரைவிழுங்கியின் முட்டை நீள்வட்டம், ஏறக்குறைய இரு மடங்கு பெரியது, லேசான இளஞ்சிவப்பு. அந்த நீள்வட்ட முட்டைகள் தெரிந்தால் வேலை தொடங்கிவிட்டது என்று நம்பலாம். சாறு உறிஞ்சப்பட்ட சிலந்திப்பேன்கள் பழுப்பாகவும் கறுப்பாகவும் சுருங்கி ஒட்டிக்கிடக்கும். பழைய இலைகளின் வெளிறிய புள்ளிகள் மறையாது. இரண்டு மூன்று வாரம் கழித்து வரும் புதிய இலைகள் சுத்தமாக இருக்கின்றனவா என்பதுதான் கணக்கு. இந்த நாட்களில் கீழ் இலை கழிப்பதைத் தள்ளிவைக்கவும். தள்ள முடியாவிட்டால் கிள்ளிய இலைகளைச் செடியடியிலேயே சில நாள் விட்டுவையுங்கள். காசு கொடுத்து வாங்கிய படையைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்புவதில் என்ன பயன்?

ஐரோப்பா, கனடா போன்ற குளிர்நாடுகளில் இலையுதிர் காலத்தில் ஒரு குழப்பம் வரும். நாள் குறுகும்போது சிலந்திப்பேனின் பெண்களே ஆரஞ்சுச் சிவப்பாக மாறி உறக்கத்துக்குப் போகின்றன. அதைப் பார்த்து இரைவிழுங்கி பெருகிவிட்டது என்று மகிழ்பவர்கள் உண்டு. ஓட்டத்தைப் பாருங்கள். மெதுவாக நகர்வதும் விரிசல்களில் ஒடுங்குவதும் எதிரி, இலை முழுவதும் சுற்றிவருவது நம் ஆள். பெர்சிமிலிஸுக்கு உறக்கப் பருவம் கிடையாது என்பது குளிர்காலப் பயிருக்கு நல்ல செய்திதான்.

தக்காளியில் ஏன் வேண்டாம்? அதன் தண்டிலும் இலைக்காம்பிலும் உள்ள பிசின் சுரக்கும் மயிர்களில் இவை சிக்கிக்கொள்ளும். தக்காளியிலேயே பழக்கி வளர்த்த கூட்டங்கள் இதைக் கொஞ்சம் நன்றாகத் தாங்கும், ஆனாலும் வெள்ளரியில் கிடைக்கும் வேகம் வராது. தக்காளியைத் தாக்கும் இன்னொரு பேனான துருப்பேனை இவை தொடவே தொடாது.

வறண்ட இடம், வீட்டுச் செடி, முன்கூட்டிய காப்பு, இந்த மூன்றுக்கும் நாங்கள் சொல்வது நியோசீயுலஸ் கலிஃபோர்னிகஸ் என்ற இன்னொரு இரைவிழுங்கிப் பேன். கோப்பர்ட் அதை ஸ்பைகல் என்று விற்கிறது. இது மெதுவாக வேலை செய்யும். பெரிய தாக்குதலை அடக்கும் வேகம் இதற்கு இல்லை. ஆனால் வேறு சிறு பேன்களையும் மகரந்தத்தையும் தின்று உயிர்பிழைக்கும், வெப்பத்தையும் வறட்சியையும் கூடுதலாகத் தாங்கும். சிறு பொட்டலமாகவும் கிடைக்கிறது. உள்ளே தவிடும் தீவனப் பேனும் இருப்பதால் சில வாரங்களுக்கு இரைவிழுங்கிகள் துளை வழியாக ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டே இருக்கும். பொட்டலத்தைக் கத்தரிக்காமல், நேர்வெயில் படாமல், இலைகளுக்குள் மறைத்துத் தொங்கவிட வேண்டும். பெரிய குடில்களில் கலிஃபோர்னிகஸ் பொட்டலத்தைப் பருவத் தொடக்கத்திலேயே தொங்கவிட்டு, கொத்து தெரியும் இடங்களில் மட்டும் பெர்சிமிலிஸை இறக்குவது எங்களுக்குப் பிடித்த ஏற்பாடு, குப்பிச் செலவும் அதில் குறையும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு ஒரு குப்பி கொண்டுபோகலாமா என்று கேட்டால், கூடாது. உயிருள்ள உயிரிக் கட்டுப்பாட்டுக் காரணிகளை இந்தியாவுக்குள் கொண்டுவர 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி முன் அனுமதி வேண்டும். தென்னிந்தியத் தோட்டங்களில் நியோசீயுலஸ் லாஞ்சிஸ்பினோசஸ் என்ற உள்ளூர் இரைவிழுங்கி சிலந்திப்பேனைத் தின்று வாழ்கிறது. அங்கே செய்ய வேண்டியது பைரித்ராய்டை நிறுத்தி அதை வாழவிடுவது.

தூவி முடித்த குப்பியைக் கழுவிவிடாதீர்கள். விளிம்பிலும் மூடியின் மடிப்பிலும் இன்னும் பல பேன்கள் ஒட்டியிருக்கும். மிக மோசமான செடியின் நடுக்கிளையில் குப்பியையும் மூடியையும் வாய் இலையைத் தொடும்படி செருகி, ஓரிரு நாள் விட்டுவைத்துவிட்டு எடுங்கள்.